தூக்கிக் கட்டிய வண்டி

கல்யாணமாகி ராஜபாளையம் வந்த முதல் வருடம் முழுக்க நான் தோப்புக்குப் போனது பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான். முன்னால் என் கணவர் ஓட்டுவார். பக்கத்தில் அத்தை, அதாவது என் மாமியார், சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நடுவில் இன்னொரு ஆள் உட்கார்ந்தால் கியர் முழங்கால் முட்டில் இடிக்கும் என்று அத்தை சொல்லிவிட்டார். நான் பின்னால் சாக்குகளுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் வண்டி கிடையாது, சைக்கிள்தான். அதனால் முதல் இரண்டு மூன்று தடவை அது வேடிக்கையாகக்கூட இருந்தது. அப்புறம் தலையில் புழுதியும் இடுப்பில் வலியும்தான் மிச்சம்.

தோப்பு மலையடிவாரத்தில் இருந்தது. பெரும்பாலும் தென்னை, வேலியோரமாகக் கொஞ்சம் மாமரங்கள். மாமாவும் அத்தையும் நூல் மில்லில் வேலை பார்த்த காலத்தில் தரிசாக வாங்கிப் போட்ட இடம். கிணறு வெட்டுவதற்கு முன்னால் அத்தை ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றியதாகச் சொல்வார்கள். நான் வருவதற்கு முன்பே மாமா இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அத்தைக்குத் தோப்புக்குப் போயாக வேண்டும். தேங்காய் வெட்டுகிற ஆட்கள், மோட்டார் பார்க்கிறவர், மாங்காய் ஏலம் கேட்டு வருகிறவர் எல்லோரும் அத்தையிடம்தான் பேசுவார்கள். என் கணவரிடம் கேட்டால், “அம்மாட்ட கேளுங்க” என்று முடித்துக்கொள்வார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தோப்புக்கு முன்னால் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். பாலமெல்லாம் கிடையாது. தண்ணீரில் இறங்கி ஏற வேண்டியதுதான். நடு ஓடையில் வண்டியின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துகொண்டது. பின்சக்கரம் சுற்றச் சுற்ற மணலை வாரி இறைத்ததே தவிர நகரவில்லை. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மண்ணைத் தோண்டினார். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தேன். அப்போது எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. நல்ல உயரம், பெரிய பெரிய டயர். எங்களை விட்டு ஒதுங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சிரமமே இல்லாமல் அக்கரை ஏறிப் போய்விட்டது. உள்ளே இருந்த ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். டிராக்டர் கிடைத்து வண்டியை இழுத்து முடிக்கும்போது எனக்குப் பல் கிட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன். “அந்த ஜீப்பு மாதிரி வண்டியத் தூக்கிக் கட்டுங்க. இல்லன்னா என்னய விட்டுட்டு நீங்களும் அத்தையும் போயிட்டு வாங்க.”

அவர் மனசிலும் அந்த எண்ணம் இருந்திருக்கும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே வொர்க்‌ஷாப்பில் கொண்டு போய் விட்டிருப்பாரா? ஆனால் வாய் திறந்து கேட்டது நான்தான்.

தென்காசி ரோட்டில் இருந்த வொர்க்‌ஷாப் அது. என் கணவருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்ப ஆளில்லாமல் நானே தூக்கு வாளியோடு போனேன். வண்டியைக் கட்டைகளின் மேல் நிறுத்திச் சக்கரத்தையெல்லாம் கழற்றியிருந்தார்கள். பழைய ஸ்பிரிங் பட்டைகள் தரையில் துருப்பிடித்துக் கிடந்தன. மதுரையிலிருந்து வந்த புதுப்பட்டைகளில் வளைவு அதிகம். அவற்றை அச்சோடு சேர்த்து நீளமான போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி உயர்ந்தால் பிரேக் குழாய் எட்டாது என்று அதையும் நீளமாக மாற்றினார்கள். பெரிய டயரைப் போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தால் மட்கார்டில் உரசியது. மெக்கானிக் தகட்டை வெட்டி மடக்கிவிட்டார்.

“வளைவுல மட்டும் மெதுவாப் போங்க அண்ணாச்சி. ஒசரம் கூடிருச்சுல்ல, சாயும்” என்று என் கணவரிடம் சொன்னார்.

ஏறுவது எப்படி என்று யாரும் பேசவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த உயரத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

வண்டி வாசலுக்கு வந்ததும் அத்தை எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சக்கரத்தின் அடியில் வைத்தார். “எம்புட்டு ஒசரம்! யானையாட்டம்லா நிக்கி” என்று சிரித்தார். அப்புறம் கதவைத் திறந்து காலைத் தூக்கினார். கால் படி வரைக்கும் போகவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். முழங்காலில் வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வீட்டுல சோலி கெடக்கு” என்றார்.

நான் முன்சீட்டில் ஏறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறவில்லை. ஒரே தாவலில் ஏறினேன். சன்னல் வழியே காற்று அடித்தது. ஓடையில் வண்டி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. நான் கையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன். என் கணவர் சிரித்தார். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக வெளியே போனது அன்றைக்குத்தான். வண்டிக்குள் அவர் நிறையப் பேசினார். நானும் பேசினேன். அத்தை இல்லாதது நன்றாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல முடியவில்லை.

கீழே ஒரு படி வைத்துத் தரச் சொல்லி என் கணவர் வொர்க்‌ஷாப்பில் கேட்டார். “படி கீழ எறங்குனா பாறையில இடிக்கும். தூக்குனதே வேஸ்ட்டு” என்றார்களாம். அதனால் ஒரு மர ஸ்டூலை வண்டியில் போட்டுக்கொண்டோம். வாசலில் அது சரியாகத்தான் நின்றது. தோப்பில் தரை சரிவு. இறங்கும்போது ஸ்டூல் சாய்ந்தது. அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கி, பிறகு மண்ணில் முழங்கால் ஊன்றி விழுந்தார். தேங்காய் வெட்டுகிறவர்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டார்கள். அன்று மாலை திரும்பும்போது நான் பின்னாலிருந்து இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினேன்.

“ஏட்டி, மூட்டைய ஏத்துதமாதிரி ஏத்தாத” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அத்தை வண்டியில் ஏறவில்லை. நாங்கள் கூப்பிடுவோம். அவர், “முட்டு வலிக்கி, அடுத்த வாரம் வாரேன்” என்பார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று, “கெணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு? வேலியோரத்து மா பூத்திருக்கா?” என்று கேட்பார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரிந்தது கொஞ்சம்தான். தோப்பில் நான் மரத்தைப் பார்த்ததைவிட என் கணவரோடு பேசிக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

அடுத்த ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டம். அங்கே என் அம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. முந்தைய வருடம் பிக்கப்பில்தான் எல்லோரும் போனோம். இந்த வருடம் அத்தை, “நான் பஸ்ல போயிருதேன். நீங்க பொறவு வாங்க” என்று விடிகாலையிலேயே கிளம்பிவிட்டார். தேர்நாள் பஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மல்லிகைப்பூவை அளந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருமுனையில் வண்டி நின்றதும் குதித்து இறங்கினேன். பட்டுச்சேலை கசங்கவில்லை. வாசலில் அம்மா நின்றார். உள்ளே நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். சேலை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. காலில் யாரோ மிதித்து, பெருவிரல் நகம் கன்றி நீலமாகியிருந்தது. அம்மா ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“அவிய நின்னுக்கிட்டே வந்திருக்காக. நீ வண்டியில முன்னாடி ஒக்காந்து வாரியா?” அம்மா என்னிடம் அடுப்படியில் கேட்டது இவ்வளவுதான்.

“அவுகதான் வரமாட்டேன்னாக” என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். எல்லோரும் வடம் பிடிக்கப் போனபோது அத்தை மட்டும் வீட்டில் இருந்தார். நான் அவர் கூட இருந்திருக்கலாம். நானும் தேர் பார்க்கத்தான் போனேன்.

ராஜபாளையம் திரும்பியதும் என் கணவரிடம் வண்டியை இறக்கிவிடலாம் என்று சொன்னேன்.

“வெளையாடுதியா? தூக்கச் சொன்னதும் நீ, எறக்கச் சொல்லுததும் நீயா? பழைய பட்டையெல்லாம் எடைக்குப் போட்டாச்சு.”

“அத்தைக்கு ஏற முடியலல்ல.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று கத்தினார். அவரையும் அது அரித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லி ஒரு வாரம் ஓட்டினோம். அத்தை இரண்டு பேருக்கும் சோறு போட்டார்.

ஒரு புதன்கிழமை என் கணவர் வேலைக்குப் போன பிறகு, “அத்தை, டவுன் பஸ்ல தோப்புக்குப் போயிட்டு வருவமா?” என்று கேட்டேன். அத்தை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து நடக்க வேண்டும். அத்தை நின்று நின்று நடந்தார். ஓடை வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தக் கல் ஆடும் எந்தக் கல் ஆடாது என்று தெரிந்தவராக அக்கரை போய்விட்டார். நான்தான் வழுக்கி முழங்கால் வரை நனைந்தேன்.

தோப்பில் அவர் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். நடுக்குருத்து கத்திரியால் வெட்டியதுபோல் அரைகுறையாக விரிந்திருந்தது. வண்டு உள்ளே போய்த் துளைத்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த மரத்தைத் தாண்டித்தான் நான் போய் வந்திருக்கிறேன்.

“எப்பருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“நான் பாக்கல அத்தை.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். மரத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

“வண்டியத் தூக்கச் சொன்னது நாந்தான் அத்தை. அவுக இல்ல.”

“தெரியும்ட்டி. அன்னைக்கு மழையில நனைஞ்சிட்டு வந்து நீ சொன்னது சொவருக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு.”

“ஒங்களால ஏற முடியாதுன்னு எனக்குத் தோணல. தோணாமப் போனதோட இல்ல. நீங்க வராதப்ப எனக்கு... நல்லாத்தான் இருந்துச்சு.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“கியர் முட்டுல இடிக்கும்னு சொன்னேன்லா. ஒம் மாமா இருக்கையில எம்மவளுக்குக் கல்யாணம் ஆகுத வரைக்கும் நாங்க மூணு பேருந்தான் முன்னாடி போவோம். நாந்தான் நடுவுல. ஒண்ணும் இடிக்காது.” பிறகு சொன்னார்: “அன்னைக்கு மழையில கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒன்ன உள்ள கூப்பிட்டிருக்கலாம். கூப்புடல.”

அவர் தன் தப்பைச் சொன்னதால் என் தப்பு குறைந்துவிடவில்லை. எனக்கு இன்னும் கனமாகத்தான் இருந்தது. அவருடைய தப்பால் நான் ஒரு நாள் மழையில் நனைந்தேன், ஒரு வருடம் புழுதி தின்றேன். அவருக்குப் போனது அதைவிடப் பெரிது.

அப்புறம் சில புதன்கிழமைகள் அப்படிப் பஸ்ஸில் போய் வந்தோம். நான் மாசமானதும் அது நின்றுபோனது. குழந்தை பிறந்த பிறகும் ஞாயிறுகளில் நானும் என் கணவரும்தான் தோப்புக்குப் போய் வந்தோம். குழந்தைக்கு ஒரு வயது முடியும் தறுவாயில் என் கணவர் ஒருநாள் வண்டியை மறுபடி வொர்க்‌ஷாப்பில் கொண்டு போய் விட்டார். என்னிடம் சொல்லவில்லை. டயர் தேய்ந்துவிட்டது, ஸ்டீயரிங் இழுக்கிறது என்று காரணம் சொன்னார். வண்டி திரும்பி வந்தபோது பழையபடி தாழ்வாக நின்றது. மட்கார்டில் வெட்டிய இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ஞாயிறு அத்தை கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினார். நான் குழந்தையோடு நடுவில் உட்கார்ந்தேன். ஓடையில் அதிகம் தண்ணீர் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தோப்பில் தேங்காய் வெட்டு. மரம் ஏறுகிறவர் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு வந்தார். அத்தைதான் அவருக்கு முன்னால் நின்றார். அவர் அத்தைக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு தலையைத் திருப்பி என்னிடம் கேட்டார்.

“அக்கா, இந்த வரிசைய எளநியா எறக்கவா, தேங்காய்க்கு விடவா?”

“அத்தைட்ட கேளுங்க” என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை வரிசையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பதில் அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

“நீயே சொல்லு. நீதான பாத்துட்டு இருக்க” என்று சொல்லிவிட்டு, குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு கிணற்றடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மரம் ஏறுகிறவர் காத்துக்கொண்டு நின்றார். நான் தேங்காய்க்கு விடச் சொன்னேன். அது சரியா என்று கேட்பதற்காகத் தொட்டிப் பக்கம் திரும்பினேன். அத்தை குழந்தையின் காலைத் தண்ணீரில் நனைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் கேட்காமலே நின்றேன்.