மாடி வீட்டு மமதாவின் பழைய ப்ராசஸர்

வேதநாயகிக்கு மாடி வீட்டு மமதாவின் மேல் இருந்த பொறாமைக்குக் காரணம் நகையோ புடவையோ இல்லை, கம்ப்யூட்டர். தொம்மலூரில் ஒரே கட்டடம். கீழே இவள், மேலே அவள். விவேக் நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் க்ளென்னுக்கு இரண்டு பேருமே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பவர்கள். மணப்பெண் முகத்துப் பருவை எடுப்பதில் வேதநாயகியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் போன மாதம் மமதா தன் பழைய பெட்டிக்குள் ப்ராசஸரை மட்டும் மாற்றினாள். இவளுக்கு ஒரு பக்கம் சேவ் ஆவதற்குள் குக்கர் மூன்று விசில் அடிக்கும். மேலே அவள் அன்றைய வேலையையே முடித்துவிட்டுத் துணி காயப்போடுவாள். அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு.

வெள்ளிக்கிழமைக்குள் நூறு பக்கம் வந்தால் ஆவணி முகூர்த்த வேலை உங்களுக்கு, இல்லையென்றால் மொத்தமும் மமதாவுக்கு என்று க்ளென் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனாள். மமதாவினுடையது என்ன மாடல் என்று நைசாக விசாரித்து வைத்திருந்தாள். அதற்கு ஒரு படி மேலே கேட்டாள். மதர்போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தாயிற்றா என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆயிற்று என்றாள். பழைய குக்கரைப் போட்டுப் புதுக் குக்கர் வாங்கியே பழகியவள். கழற்றிக்கொண்டு போன பழைய ப்ராசஸரையும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வந்தாள்.

வீட்டில் வீடியோவைப் பார்த்தபடி, சூடு கடத்தும் பேஸ்ட் தடவிப் புதுசைப் பொருத்தினாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. கழற்றி மாட்டினாள், கறுப்பு. கடைக்குப் போன் செய்தாள். பழைய ப்ராசஸரைப் போட்டு ஆன் செய்து, பயாஸை அப்டேட் செய்த பிறகுதான் போர்டுக்குப் புதுசை அடையாளம் தெரியும் என்றார். இவள் கொடுத்தது அதற்குள் விற்றுப்போயிருந்தது. முடித்து வைத்திருந்த எண்பது பக்கம் பெட்டிக்குள் சிக்கிக்கிடந்தது.

அதே மாடல் இன்னொன்று எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. புதன்கிழமை முழுக்க மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை காலை ஏறினாள்.

“பழச குடுத்துட்டீங்களா அக்கா? சும்னே ஒரு டப்பால போட்டு வெச்சிருக்கலாமே” என்றாள் மமதா தன் கன்னடம் கலந்த தமிழில்.

“குடுத்துட்டேன்டி. நெத்தியில எழுதி ஒட்டிக்கட்டா? இருக்கா இல்லியா, அத சொல்லு.”

இருந்தது, மாத்திரை டப்பாவுக்குள். மமதாவே இறங்கி வந்து, அதை மாட்டி, பென்டிரைவைச் செருகி அப்டேட் செய்தாள். அவள் அவ்வளவு சுலபமாகச் செய்ததைப் பார்க்கப் பார்க்க வேதநாயகிக்கு வயிறு எரிந்தது. பிறகு புதுசை மாட்டினார்கள். திரை வந்தது. மமதா அதிலிருந்த ப்ராசஸரின் பெயரைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“என்னுதவிட ஒசந்ததா அக்கா இது?”

“அப்பிடியா? எனக்கென்ன தெரியும். கடைக்காரன் குடுத்தான், வாங்கிட்டு வந்தேன்.”

மமதாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தபடியே, அவளுக்குக் கெட்டிப்பாலில் காபி போட்டுக் கொடுத்தாள் வேதநாயகி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆல்பம் க்ளென்னிடம் போய்ச் சேர்ந்தது. ஆவணி வேலையும் வந்தது. சனிக்கிழமை மமதா படியில் மறித்து, எந்தக் கடை என்று கேட்டாள். வேதநாயகிக்கு எவ்வளவு யோசித்தும் பெயர் நினைவுக்கு வரவில்லை.