அம்மாவின் அறிவித்தலை அச்செடுத்த பிரணவன்

மங்களேஸ்வரி கண்ணை மூடிய அன்று கண்டிக் குளத்து மீன்கள் பொரியைத் தொடவில்லையாம். நம்பாதவர்கள் மீன்களையே கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கரையில் நாள் தவறாமல் நடந்து, மீனையும் மனிதரையும் ஒரே குரலில் அதட்டியவள் அவள். அவள் வாய்க்குப் பயந்து மழைகூட அந்த வீட்டு முற்றத்தில் மெதுவாகத்தான் இறங்கும். அப்படிப்பட்டவள் சாவைப் பற்றிச் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்று. தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். ஆகவே தனக்குப் பிரணவன்தான் வைக்க வேண்டும்.

பிரணவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பேராதனையில் ஒரு காரியாலயத்தில் தொலைபேசி இணைத்துக்கொடுக்கிற வேலை. தாயோடு இருந்து, தாயிடம் ஏச்சு வாங்கி, கடைசியில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவனும் அவன்தான்.

கொழும்பிலிருந்து மூத்த மகன் நவரட்ணராஜா வந்திறங்கினார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். தாயின் முகத்தைப் பார்க்கும் முன்பே முற்றத்துக் கதிரைகளின் வரிசையைத் திருத்தினார்.

“கொள்ளி நான் வைக்கிறன்,” என்றார். “நெருப்பு என்ன விளையாட்டுச் சாமானே? நீ வேட்டியைக் கொளுத்திக்கொண்டாயெண்டால் ஒரே நாளில ரெண்டு செத்தவீடு செய்ய என்னால ஏலாது.”

சனத்தில் யாரோ சிரித்தார்கள்.

“அம்மா என்னைத்தானே சொன்னவ, அண்ணை.”

“சரி, ஒண்டு செய். நீ கொம்பியூட்டர்க்காரன். வெளிநாட்டுச் சனம் பாக்க இணையத்தில மரண அறிவித்தல் போட்டிருக்கிறன். அதை அடிச்சு வாற ஆக்களுக்குக் குடு. ஒழுங்காச் செய்தாயெண்டால் கொள்ளியைப் பற்றி யோசிப்பம்.”

பிரணவன் மடிக்கணினியைத் திறந்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அதில் இருக்கிறது. ஒரு விசையைத் தட்டினால் அது விளம்பரம், வம்பு எல்லாவற்றையும் தாண்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குப் பாயும். அம்மாவின் பெயர், ஊர், பிள்ளைகள், கிரியை நேரம் என்று பிசகில்லாமல் வாசித்தது. வழக்கமாக அவன் ஒரு பக்கத்தை அச்செடுக்குமுன் வெறும் எழுத்தை மட்டும் மிச்சம் விடும் வாசிப்புப் பார்வைக்கு மாற்றிவிடுவான். அன்று மாற்றிப் பார்த்தபோது அம்மாவின் படமும் சேர்ந்து போய்விட்டது. படமில்லாத அறிவித்தலை யார் கையில் கொடுப்பது? பழைய பார்வைக்கே திரும்பி அச்சுக்கு அனுப்பினான். அச்சு முன்னோட்டம் தாள் எத்தனை என்று சொல்லும். தாளில் என்ன விழப்போகிறது என்று சொல்லாது.

முதல் தாளை அண்ணையிடம் நீட்டினான். கடதாசி சரசரத்தது. மறுபடியும் சரசரத்தது.

“நல்ல வடிவு, தம்பி. இதையே நூறு அடி.”

வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் பிரணவனே கொடுத்தான். வாங்கியவர்கள் ஒரு கணம் மூச்சைப் பிடித்தார்கள். சிலர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அழுகிறார்கள் என்று அவன் எண்ணினான். அம்மாவுக்கு இவ்வளவு பேர் அழுவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சகீனாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “தம்பி, இத ஆரும் ஒங்களுக்கிட்ட சொல்லல்லயா? உம்மாட படம் முத்திரையளவுதான் ஈக்கிது. அரைத்தாளுக்கு ஒரு மாப்புளயும் பொண்ணும் பல்லக் காட்டிட்டு நிக்கிறாங்க. ‘கலியாண மண்டபம், இன்றே பதிவு செய்யுங்கள்’ண்டு போட்டீக்கிது.”

பிரணவன் மிச்சத் தாள்களோடு அண்ணையின் குரல் வந்த பக்கம் நடந்தான்.

“நீங்கள் இதைப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான்.”

“பிறகேன் சொல்லேல்ல?”

“நீ சந்தோசமா நிண்டாய். அதை ஏன் கெடுப்பான்?” பிறகு சபைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “ஒரு கடதாசியை ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன்ர கையில தீயைக் குடுக்கிறதோ? நீங்களே சொல்லுங்கோ.”

“அதுவும் சரிதான்,” என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் அம்மாவின் கையால் சாப்பிடாதவர் ஒருவரும் இல்லை.

மாகியாவையிலுள்ள தகன மண்டபத்தில் பிரணவனைச் சுவரோரம் நிறுத்தினார்கள். விறகு வாசம் இல்லை, கற்பூர வாசம் மட்டும். இரும்புக் கதவொன்று உருண்டு மூடியது.

“மாத்தயா, இந்தப் பொத்தானை அமத்துங்க,” என்று அங்கே வேலை செய்கிற சிங்களவன் அண்ணையிடம் மரியாதையாகச் சொன்னான்.

டிக் என்றது. உள்ளே ஏதோ உறுமத் தொடங்கியது.

“நெருப்பு எங்கை?” என்று கேட்டான் பிரணவன்.

“உள்ளுக்குத்தான் மாத்தயா. காஸ்ல எரியுது. இங்க நெருப்பைத் தொடுறதே இல்ல. பொத்தான் மட்டும்தான்.”

நவரட்ணராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, வான் வந்துவிட்டதா என்று யாரையோ விசாரித்தார்.

பிரணவன் சுவரைத் தடவிக்கொண்டு போனான். கையில் பொத்தான் தட்டுப்பட்டது. காரியாலயத்தில் நாள் முழுக்க அவன் விரல் பார்க்காமலே அமத்துகிறவற்றைவிடப் பெரிது. தேடவே தேவையில்லாத இடத்தில் இருந்தது. விரலை வைத்து அழுத்தினான்.

“இனித் தேவையில்ல மாத்தயா,” என்றான் வேலைக்காரன். “அம்மா பத்தியாச்சு.”