இந்தியில் வந்த பதில்

சுற்றும் மெஷின்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். போர்ட் பிளேர் கல்வி ஆபீஸில் ஆயாவாக வேலை பார்த்தேன். இப்போது டீச்சர் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் சிலர், "அந்தக் காலத்தில் பாடமெல்லாம் எப்படி முடிவு பண்ணினாங்க, எழுதிக் கொடுங்க பாட்டி" என்று விடாமல் கேட்டார்கள். எனக்குப் பேச வராது. எழுதுவது கொஞ்சம் பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை சைக்ளோஸ்டைல் மெஷின் சுற்றுவது. ஸ்டென்சில் தாளை உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் அச்சான தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். புருஷன் காய்ச்சலில் போய் வருஷம் திரும்புவதற்குள் வேலைக்கு வந்தவள் நான். முதல் நாளே புடவையெல்லாம் மை. ஹெட்கிளார்க் பார்த்துவிட்டு, "என்ன ராக்கு, பாடத்தைப் பேப்பர்ல அடிக்கச் சொன்னா சேலையில அடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றிலிருந்து அதுதான் என் இடம்.

அந்த மெஷின் ஏன் வந்தது என்று சொல்லவேண்டும். அப்போது தீவுகளில் ஒவ்வொரு பாஷைப் பிள்ளைக்கும் அந்தந்த ஊர்ப் புத்தகம். தமிழுக்கு மெட்ராஸிலிருந்து, வங்காளிக்குக் கல்கத்தாவிலிருந்து. எல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதமானால் பள்ளிக்கூடம் திறந்தும் பாடம் கிடையாது. வந்த புத்தகத்தைப் பிரித்தால் ரயிலைப் பற்றி ஒரு பாடம், காவிரியைப் பற்றி ஒரு பாடம். எங்கள் பிள்ளைகள் ரயிலையும் பார்த்ததில்லை, ஆற்றையும் பார்த்ததில்லை.

எல்லாத் தீவுப் பள்ளிகளுக்கும் என்ன பாடம், எப்படி நடத்துவது என்று பார்ப்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கமலவேணி அம்மா என்று ஒரு ஆபீசர் வந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகம் வரும்வரை பிள்ளைகள் படிக்க அவர்களே பாடம் எழுதினார்கள். ரயிலுக்குப் பதில் கப்பல், காவிரிக்குப் பதில் கடல் கழி. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கட்டு. எழுதினது அவர்கள், சுற்றினது நான், கட்டினதும் நான்.

வாசலில் நிற்கட்டும்

கமலவேணி அம்மா பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பினால் என்னையும் கூட்டிப்போவார்கள். ஒரு பெண்ணாகப்பட்டவள் படகில் தனியாகப் போகக்கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். போர்ட் பிளேர் படகுத்துறையான சாத்தம் ஜெட்டியில் ஏறினால் எனக்கு வாந்தி தொடங்கும். அம்மா எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்துவிட்டு, "துணைக்கு நீ வந்தியா, உனக்குத் துணையா நான் வந்தேனா?" என்பார்கள்.

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. வகுப்புக்குள் போனதும், "சார், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்று வாத்தியாரை அனுப்பிவிடுவார்கள். வாத்தியார் உள்ளே இருந்தால் கண்ணாலேயே பதில் சொல்லிக்கொடுப்பார். அவர் வெளியே போனால்தான் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது தெரியும். நல்ல முறைதான். பல பள்ளிகளில் அதனால் நன்மை நடந்திருக்கிறது. அந்த ஒரு தீவில்தான் அது கெடுத்துவிட்டது.

லாங் ஐலண்ட் தாண்டிப் போகவேண்டிய சின்னத் தீவு அது. பேர் வேண்டாம், அங்கே இன்றைக்கும் பள்ளி நடக்கிறது. மரம் வெட்டும் வேலைக்கு வந்த ராம்நாட்டுக் குடும்பங்கள் கொஞ்சம், ராஞ்சிக் குடும்பங்கள் கொஞ்சம், வங்காளிகள் கொஞ்சம். ஒரே கொட்டகை, நடுவில் மூங்கில் தட்டி. ஒரு பக்கம் இந்தி வகுப்பு, மறுபக்கம் தமிழ் வகுப்பு. தமிழுக்கு வாத்தியார் அருளப்பன். கல்யாணமாகாத பையன், ரொம்பப் பொறுமைசாலி.

போர்ட் பிளேரில் தமிழ் வாத்தியார் போதவில்லை. அதனால் பெரிய அதிகாரி கமலவேணி அம்மாவைக் கூப்பிட்டு, "போய்ப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தி நன்றாக வருகிறதென்றால் தமிழ் வகுப்பை இந்தியோடு சேர்த்துவிடலாம். வாத்தியாரை இங்கே போடலாம்" என்று சொல்லியிருந்தார். படகில் அம்மா என்னிடம் சொன்னார்கள்: "இந்தி வரும், ராக்கு. இங்க எல்லாப் பிள்ளைக்கும் வரும். ஆனா யோசிக்கிறது தமிழ்ல. அதை நான் கண்ணால பார்த்து எழுதிட்டா போதும், அந்த வகுப்பை யாரும் தொடமுடியாது." நம்பிக்கையோடுதான் போனார்கள்.

செல்லக்கனி வீட்டுச் சுடுதண்ணீர்

இறங்கின உடனே சாரங், அதாவது படகை ஓட்டுகிறவர், கையைக் காட்டிச் சொல்லிவிட்டார். தண்ணீர் வடிவதற்குள் திரும்பவேண்டும், வடிந்தால் கழிமுகத்தில் படகு தட்டிவிடும். ஆகவே நேரம் குறைவு. அம்மா நேரே கொட்டகைக்குப் போனார்கள். அருளப்பன் சார் கும்பிட்டார். "சார், நீங்க கொஞ்சம் வெளியில..." என்றார்கள் அம்மா. அவர் ஜெட்டிப் பக்கம் போய் நின்றார்.

அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுடுதண்ணீர் கேட்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அது செல்லக்கனி வீடு. என் வயதுதான் அவளுக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். அவள் மட்டுமல்ல, அன்று அந்தத் தீவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

"வாங்கக்கா, வாங்க. போர்ட் பிளேர்ல இருந்து வந்த ஆபீசருக்கு எங்க வீட்டுத் தண்ணியா!" என்று அடுப்பை ஊதினாள். பிறகு, "ஸ்ஸு, கேளுங்க" என்று கையைக் காட்டினாள். கொட்டகையிலிருந்து சத்தம் தெளிவாக வந்தது.

"உன் பேர் என்னம்மா?" இது கமலவேணி அம்மா.

"ஜீ, மேரா நாம் பேச்சியம்மா ஹை!"

"எம்மகதான்" என்றாள் செல்லக்கனி. முகமெல்லாம் பல். "ரெண்டாவது படிக்கிறா. எப்படி டக்குன்னு சொன்னா பாத்தீங்களா?"

"ஏன் இந்தியில சொல்றா?" என்றேன்.

"பின்னே? ஆபீசர்கிட்ட தமிழ்லயா பேசுவாக? பாரஸ்ட் ஆபீசர் வந்தா இந்தி, ரேஷன் ஆபீசர் வந்தா இந்தி. பிள்ளைக நல்லாப் பதில் சொன்னாத்தான் வகுப்பு நிலைக்கும்னு சார் சொன்னாரு. நாங்க சும்மா இருப்பமா? பக்கத்து வீடுகள்ல இருக்க ராஞ்சிக்காரப் பொம்பளைககிட்டக் கேட்டுக்கேட்டு ஒரு வாரமாச் சொல்லிக்குடுத்திருக்கோம். சாருக்கே தெரியாது."

"அந்தம்மா தமிழ்க்காரங்க, செல்லக்கனி. தமிழ்லதான் கேக்குறாங்க."

"அதுவும் தெரியும்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தமிழ்ல கேட்டு மயக்கிப் பாப்பாக, ஏமாந்துறாதீகன்னு சொல்லித்தான் அனுப்பிருக்கேன்."

அதே நேரம் கொட்டகையில் அம்மாவின் குரல், கெஞ்சுகிற மாதிரி: "தமிழ்ல சொல்லு கண்ணு. இந்தா, இந்தப் பேப்பர்ல இருக்கிற கப்பல் பாடத்தைப் படி பாப்போம்."

நான் சுற்றி, நான் கட்டி அனுப்பிய தாள் அது. பேச்சியம்மாள் அதை மனப்பாடமாகவே சொல்லுவாள் என்று செல்லக்கனி என் காதில் சொன்னாள். ஆனால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் மட்டும், "ஜீ, நஹீ ஆதா" என்றான். தெரியாது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா!" என்றாள் செல்லக்கனி. "ஒருத்தனும் ஏமாறல."

நான் சுடுதண்ணீர்ச் செம்போடு ஓடினேன். பாதித் தண்ணீர் கையிலேயே கொட்டியது. கொட்டகை வாசலை நெருங்குவதற்குள் படகு ஊதிவிட்டது. அம்மா வெளியே வந்துவிட்டார்கள். முகம் வெளுத்திருந்தது.

ஜெட்டியில்

நடந்துகொண்டே சொல்லிவிட்டேன். என் ஆயுளில் நான் அவ்வளவு வேகமாகப் பேசியது கிடையாது. அம்மா பலகையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்றுவிட்டார்கள்.

"நிஜமாவா ராக்கு?"

"செல்லக்கனியே சொன்னாம்மா."

அம்மா திரும்பி, "சாரங் சாப், ஆதா கண்டா ருக்கியே" என்றார்கள். அரை மணி நேரம் நிற்கச் சொல்லி.

சாரங் கழிமுகத்தைக் காட்டினார். "மேடம், பானி உதர் ரஹா ஹை, தண்ணி வடியுது. இப்ப விட்டா நாளைக்குத்தான். உள்ள ஒரு காய்ச்சல் கேஸ் படுத்திருக்கு, அதைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். உங்க இஷ்டம்."

அவர் சொன்னது பொய்யில்லை. உள்ளே ஒரு வங்காளிப் பெண் பாயில் கிடந்தாள். அம்மா அவளைப் பார்த்தார்கள். பிறகு அந்தக் காலையும் படகுக்குள் எடுத்து வைத்தார்கள்.

கயிற்றை அவிழ்த்தவுடன் பிள்ளைகள் ஜெட்டிக்கு ஓடி வந்தார்கள். சோதனை முடிந்துவிட்டது அல்லவா, இனி பயமில்லை. குதித்துக் குதித்துக் கையை ஆட்டினார்கள். பேச்சியம்மாள் இரண்டு கையையும் வாய்க்கு வைத்துக் கத்தினாள்: "அம்மா! கப்பல் பாடம் நல்லாருக்கு! அடுத்த தடவை திமிங்கிலம் பாடம் கொண்டாங்க!"

எல்லாம் தமிழ். தண்ணீர் மேல் சுத்தமாகக் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் அருளப்பன் சார் சிரித்துக்கொண்டு நின்றார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது.

அம்மா போர்ட் பிளேர் வரும்வரை எதுவும் சாப்பிடவில்லை.

படகிலிருந்து கேட்டது

நடந்ததை அம்மா அறிக்கையாக எழுதினார்கள், ஒளிக்காமல். பெரிய அதிகாரியின் அறையில் நடந்த பேச்சு இங்கிலீஷில். நான் வாசலில் நின்றேன், புரியவில்லை. வெளியே வந்து அம்மாதான் சொன்னார்கள்.

"'நீங்க கேட்டப்ப எந்த பாஷையில பதில் வந்துச்சு?'ன்னார். இந்தியிலன்னேன். 'தமிழ்ல எப்பப் பேசினாங்க?'ன்னார். படகு கிளம்பினப்புறம்னேன். சிரிச்சிட்டார், ராக்கு. 'படகுல இருந்து காதுல விழுந்ததை வெச்சு நான் ஒரு வாத்தியாரை எப்படி அங்க நிறுத்தறது?'ன்னார். மறுபடி ஒரு தடவை போறேன்னேன். அடுத்த வருஷம் பார்ப்போமாம்."

அடுத்த வருஷம் வருவதற்குள் அருளப்பன் சார் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்துவிட்டார். அந்தத் தீவில் நடுத்தட்டியை எடுத்துவிட்டார்களாம். அந்த மாதம் நான் வழக்கம்போல எல்லாப் பள்ளிக்கும் கட்டுப் போட்டு வைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்து, அந்தத் தீவின் கட்டைக் காட்டி, "அதைப் பிரிச்சிடு" என்றார்கள். திமிங்கிலம் பாடம்தான் அதில் முதல் தாள். பிரித்து மற்றக் கட்டுகளில் சேர்த்தேன். மெஷினுக்குப் பின்னால்தான் நின்றேன், அதனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அம்மா முறையை மாற்றிக்கொண்டார்கள். எந்தத் தீவில் இறங்கினாலும், "ஆயா முதல்ல போகட்டும்" என்பார்கள். நான் போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்காருவேன். "என்ன சாப்பிட்டீங்க?" என்பேன், அவ்வளவுதான். பிள்ளைகள் மீன் கதை, நாய்க் கதை என்று வாய் ஓயாமல் பேசும். அம்மா தட்டிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டு, பிறகு உள்ளே வருவார்கள். வேறு சில தீவுகளில் வகுப்புகள் அதனால் மூடப்படாமல் நிலைத்தன. அம்மா ஊர் திரும்பும்வரை இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தீவுதான் நினைவுக்கு வரும். அங்கேயும் நான் முதலில் போயிருக்கலாமே என்று.

சாத்தம் ஜெட்டியில் ஒருநாள்

வருஷங்கள் போய், சாத்தம் ஜெட்டியில் பம்பூஃப்ளாட் போகும் படகுக்கு நின்றிருந்தேன். "அக்கா!" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். செல்லக்கனி. பக்கத்தில் உயரமாக ஒரு பெண்.

"நம்ம பேச்சியம்மா. கல்யாணம் வச்சிருக்கோம்" என்று மெட்ராஸிலிருந்து அடித்து வரவழைத்த பத்திரிகையைக் கொடுத்தாள். மஞ்சள் பூசியிருந்தது.

"நல்லாருக்கியா தாயி?" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"ஜீ ஆன்ட்டி, டீக் ஹூம்" என்று நலத்தை இந்தியிலேயே சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. கூச்சம். என்னைப் போலத்தான்.

"வீட்டுல தமிழ்தான் பேசுவா, வெளியில வராது" என்றாள் செல்லக்கனி. "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. பத்திரிகை வந்தன்னைக்கு, இதுல எம்பேரு எங்கம்மா இருக்குன்னு கேக்குறா. எனக்கும் படிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம்."

நான் பத்திரிகையைப் பிரித்து, அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து, பெயர் இருந்த இடத்தில் வைத்தேன். அவள் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு ஊதியது. செல்லக்கனி மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்குப் பிள்ளைக நல்லாத்தானே பதில் சொன்னாகக்கா? ஒருத்தரும் தப்பே விடலையே. பின்னே ஏன் வகுப்பை எடுத்தாக?"

"நல்லாத்தான் சொன்னாங்க" என்றேன். "வாத்தியார் பத்தலை, அதான்."

அதுவும் பொய்யில்லை.

டீச்சர் பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் பெரிய வேலைக்குப் போவீர்கள், பள்ளிகளைப் பார்க்கப் போவீர்கள். பிள்ளை சொல்லுகிற பதில் உங்கள் கேள்விக்கு மட்டும் வருவதில்லை. உங்கள் வாட்சுக்கு, உங்களைக் கொண்டுவந்த படகுக்கு, வீட்டில் அம்மா சொல்லி அனுப்பிய பயத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வருகிறது. அதனால் போனவுடன் கேள்வி கேட்காதீர்கள். முதலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தத் தீவில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரிப் போங்கள்.