அய்யா முறுக்கிய வயர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோரு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் நான்கு ஓடும். அந்த நான்கில் ஒன்றின் முன்னால் வாரத்துக்கு இரண்டு முறை, இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தோளிடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. இதை நான் இன்றும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். பிளஸ் ஒன் படித்த அந்த வருடத்தில் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிளகாய் பொய்த்துப்போன ஒரு வருடத்தில் கமுதிப் பக்கமிருந்து உச்சிப்புளிக்குத் தெற்கே பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவருக்குத் தென்னந்தோப்பில் வேலை. தண்ணீர் பாய்ச்ச வேண்டும், விழுந்த காய்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும், மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மோட்டார் அடிக்கடி நின்றுபோகும். கடல் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்றில் செம்புக் கம்பி ஒரே மாதத்தில் பச்சை பூத்துவிடும். கரண்ட் ஆபீஸுக்குச் சொல்லியனுப்பி ஆள் வருவதற்குள் கன்றுகள் வாடிவிடும் என்பதால் அய்யாவே வயர் வேலை பழகிக்கொண்டார். இணைப்புக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கம்பியை முறுக்கி, டேப் சுற்றி, அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கிச் சொட்டவிட்டு, கடைசியில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை நறுக்கி உறை மாதிரி இழுத்துவிடுவார். அவர் போட்ட இணைப்பில் பச்சை பூத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கைதான் அவரைத் தோப்பு முதலாளி வீட்டு முன்வாசலுக்குக் கூட்டிப்போனது. தோப்பு ஆட்கள் எவரும் கொல்லை வாசலைத் தாண்டக்கூடாது. மீட்டர் பெட்டி முன்வாசலுக்கு உள்ளே இருந்ததால் அய்யா மட்டும் அந்த வழியாகப் போனார். முதலில் மீட்டர் பெட்டிக்காகப் போனார், பிறகு மின்விசிறிக்காக, பிறகு கிரைண்டருக்காக. முதலாளி அவரை "ஏப்பா, வாப்பா" என்று கூப்பிடுவார். உட்காரச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கூடத்தில் நின்று அவர்கள் வீட்டு டம்ளரிலேயே டீ குடித்துவிட்டு வருவார். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அய்யா யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு டீயில சீனி தூக்கல்" என்பார். அவருடைய பெருமை அவ்வளவுதான்.

முதலாளியின் மகன் கல்யாணம் முடிந்து இரண்டே மாதத்தில் துபாய்க்குப் போய்விட்டார். அவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் கீழே கூடத்தில், பூத்தையல் போட்ட துணி மூடிக் கிடந்தது. மருமகள் சீராகக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் மாடியில் அவள் அறையில் இருந்தது. கல்யாண வீடியோவும் போட்டோக்களும் மாடியில் இருந்ததில்தான். கல்யாண சி.டி.யில் கீறல் விழுந்துவிட்டது. முதலாளி அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று அந்த அம்மா தினமும் புலம்ப, சீராக வந்த சாமானைக் கீழே இறக்க மாட்டேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். கடைசியில் மகனே போன் செய்து ஒரு வழி சொன்னார். இரண்டையும் இணைப்பதற்கென்று இராமநாதபுரத்தில் வாங்கி வைத்த வயர் பீரோ மேல் இருக்கிறது, அதை இழுத்து மாட்டிவிட்டால் மாடியில் இருப்பதைக் கீழேயே பார்க்கலாம் என்றார்.

வயரை இழுக்க அய்யாவைக் கூப்பிட்டார்கள். மாட்டிய பிறகு செய்ய வேண்டியதை யார் செய்வார்கள் என்று முதலாளி கேட்டபோது, "எம்மக பாத்துருவா" என்று அய்யா சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"ரெண்டு பொட்டியும் ஒரே வீட்லதான இருக்கு? ஒண்ணுல இருக்குறத இன்னொண்ணுல பாக்க ஒம்மகளா போகணும்?" என்றாள் அம்மா.

"அந்தச் சூட்சுமம் படிச்ச பிள்ளைக்குத்தான்டி தெரியும்."

அந்தச் சூட்சுமத்தை நான் அதுவரை செய்ததே இல்லை. டீச்சர் ஒருமுறை செய்து காட்டியதை இரண்டு தலைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்திருக்கிறேன். நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் போனோம். மாடிக்கு வயர் போக ஏற்கெனவே ஒரு துளை இருந்தது, டிவி ஆன்டெனாவுக்காகப் போட்டது. அதற்குள் புது வயரின் பிளாஸ்டிக் தலை நுழையவில்லை. அய்யா சற்று யோசித்துவிட்டு, தலைக்கு ஒரு முழம் கீழே வெட்டி, வயரைத் துளைக்குள் விட்டு இழுத்து, வெட்டிய இடத்தை மறுபடி இணைக்க உட்கார்ந்தார். உள்ளே முடிபோல எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றையும் பல்லால் தோலுரித்து, நிறத்துக்கு நிறம், கோடு போட்டதற்குக் கோடு போட்டதென்று பார்த்துப் பார்த்து முறுக்கினார். எட்டுக்கும் தனித்தனியே டேப். பிறகு மெழுகு, பிறகு டியூப். இரண்டு மணி நேரம் ஆனது. எனக்கு அவர் பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் வயருக்கு சைக்கிள் டியூபா என்று நினைத்தேன்.

பிறகு என் முறை. முதலாளி அம்மா எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். அத்தனை வருடமாக அய்யாவுக்குக் கிடைக்காத நாற்காலி எனக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அய்யா என் பின்னால் நின்றார். திரும்பிப் பார்க்காமலே அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கீழ் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துச் செய்தேன். மேலே போகலாமென்று படியில் கால் வைத்தபோது முதலாளி அம்மா தடுத்தார்.

"நீ இங்கனயே இரு தாயி. அவளும் படிச்சவதான? நீ சொல்லு, அவ அமுக்குவா."

எங்கள் வீட்டுப் பிள்ளை மாடி அறைவரை போவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. நானும் நாற்காலி கிடைத்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிக்குக் கீழே நின்று கத்தினேன்.

"அக்கா, அந்த ஃபோல்டர் மேல வச்சு ரைட் கிளிக் பண்ணுங்க!"

"பண்ணிட்டேன்!"

"ஷேரிங்னு வரும். உள்ள போயி டிக் போடுங்க!"

"போட்டாச்சு. இன்னும் எத்தன டிக்கு இருக்கு? எனக்குத் துணி ஊறுது!"

மருமகள் அவசரப்பட, நானும் அவசரமாக நோட்டைப் புரட்டினேன். இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டிய எண்களைச் சொன்னேன், அவள் அடித்தாள். முடிந்தது என்று உட்கார்ந்து கீழே திறந்து பார்த்தேன். மாடி கம்ப்யூட்டரின் பெயர் திரையில் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை என்று நான்கு வரிகள் விழுந்தன. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி நான்கு வரிகள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மேலே இருந்ததையும் அணைத்துப் போடச் சொன்னேன். அதே நான்கு வரிகள். முதலாளி அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

அய்யா குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். "தாயி, வயரு சொருகுன எடத்துல பச்ச லைட்டு மினுக்குது. மேலயும் எரியுதான்னு கேளு. எரிஞ்சா வயரு போய்ச் சேந்துருச்சுன்னுதான அர்த்தம்?"

மேலேயும் எரிந்தது. மருமகளே சொன்னாள்.

"லைட்டு எரிஞ்சா எல்லாம் வந்துருமாய்யா? இது மோட்டார் இல்ல" என்றேன்.

முதலாளி சிரித்துவிட்டார். "பாப்பா சொல்றதும் சரிதான். அப்ப என்னதான் கோளாறு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதினாறு வயதில் ஒரு பெண் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் அவளைத் தூக்கில் போடப் போவதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வயர வெட்டி முறுக்கியிருக்குல்ல. இந்த வயர அப்படி முறுக்கக் கூடாது. டேட்டா லீக் ஆயிரும்."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கியது. அய்யா தான் போட்ட இணைப்பைக் கையில் எடுத்து, டியூபுக்கு மேலே விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு" என்று முதலாளியிடம் சொன்னார்.

"ஏலே, மகன் காசு போட்டு வாங்கி வச்ச வயரு! தெரியாட்டி கேக்க வேண்டியதுதான? சரக்குனு வெட்டிப்புட்டியே!" என்றார் முதலாளி. அதுவரை அவர் வாயில் அய்யாவுக்கு 'ஏப்பா' தவிர வேறு நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் இராமநாதபுரத்திலிருந்து ஒருவர் டிரில்லிங் மெஷினோடு வந்தார். ஐந்தே நிமிடத்தில் துளையைப் பெரிதாக்கி, வெட்டாமல் புது வயரை இழுத்துவிட்டார். எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அய்யாவுக்குச் சொல்லவில்லை. நான் தனியாக முன்வாசல் வழியாகப் போனேன். முந்தின வாரம் பட்டது போதுமென்று முதலாளி, "கத்திக்கிட்டுக் கெடக்காம நீயே மேல போயிப் பாரு" என்றார்.

மாடியில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் பச்சை விளக்கு மினுங்கியது. கீழே இருந்து இதைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தேன். வெட்டாத, முறுக்காத, புத்தம்புது வயர். பதில் வரவில்லை. அதே நான்கு வரிகள்.

நோட்டைத் திறந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பயர்வால் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லவிடாத காவல். சனிக்கிழமை கீழ் கம்ப்யூட்டரில் அதை நிறுத்தியிருந்தேன். மேலே அதை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தேன். இதோ, திரையில் பச்சையாக, 'ஆன்' என்று இருக்கிறது. அன்று அய்யா முறுக்கிய வயரும் இந்த வாசல்வரை ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே விடாமல் வைத்திருந்தவள் நான்.

நிறுத்தினேன். கீழே போய்த் திறந்தேன். உடனே வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக மகன் திரையில் சிரிக்க, முதலாளி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, புது வயரு போட்டதும் எப்படி வருது!" என்றார் முதலாளி.

"முறுக்குன வயர்ல எப்படிங்க வரும்?" என்றார் டிரில்லிங் மெஷின்காரர்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். ஒரே ஒரு வாக்கியம். முதலாளி அம்மா ஒரு தட்டில் அல்வா கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைத் தின்றேன்.

சாயங்காலம் அய்யா தோப்பிலிருந்து வந்ததும் கேட்டார். "வந்துருச்சா தாயி?"

"வந்துருச்சுய்யா."

"என்னதான் கோளாறாம்?"

"வயருதான்."

"ம்" என்றார். கைகால் கழுவப் போய்விட்டார்.

அதன்பிறகு முதலாளி வீட்டில் மின்விசிறி நின்றாலும் கிரைண்டர் நின்றாலும் இராமநாதபுரத்துக்காரருக்குத்தான் போன் போனது. மீட்டர் பெட்டிப் பக்கம் அய்யாவுக்கு வேலை இல்லாமல் போனது. மற்ற ஆட்களோடு கொல்லை வாசலில் நின்றார். "இப்பல்லாம் டீயப் பத்திப் பேச்சையே காணோமே?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார். டீ நின்றுபோனதையாவது நான் முதலாளியின் தலையில் போட்டுவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனபோது, கையில் கம்பியை வைத்துக்கொண்டு, "தாயி, இத இப்படிச் சுத்தலாமா, பாத்துச் சொல்லு" என்று என்னைக் கேட்டாரே, அதை யார் தலையில் போடுவது?

நான் கல்லூரி முடித்து, இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். ஒரு கூடம் நிறையக் கம்ப்யூட்டர்களை இணைத்து வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயர்வாலைச் சொன்னேன், புது வயரிலும் பதில் வராததைச் சொன்னேன், பச்சை விளக்கைப் பற்றி அவர் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன். தரையில் சாக்பீஸால் இரண்டு பெட்டிகளை வரைந்தே காட்டினேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அம்மா பக்கம் திரும்பி, "எம்புட்டு வெவரமாச் சொல்லுது பாரு பிள்ள" என்றார்.

"அய்யா, தப்பு என்மேலதான். நீங்க போட்ட வயரு நல்ல வயரு."

"இல்ல தாயி. அது வயருதான்" என்றார் சிரித்தபடி. "இப்ப ஒனக்கு எம்மேல எரக்கம், அதான் மாத்திச் சொல்லுற. அன்னிக்கு நோட்டப் பாத்துல்ல சொன்ன? படிச்ச பிள்ள சொன்னது தப்பாப் போகுமா?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என்ன சொன்னாலும் அவருக்கு அது என் படிப்புக்கு இன்னொரு சான்றாகவே தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, தப்பித்துக்கொள்ள ஒரு பொய் சொல்கிறோம், நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றுதான் எண்ணினேன். தன் கையைவிட என் வாய்ச்சொல்லை அதிகமாக நம்பக்கூடிய ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.