தங்கமயில் தடை செய்த சொல்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு யாராவது ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என் வாழ்க்கையையே எழுதலாம், நாலு மலர் வரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாங்குநேரிப் பக்கமிருந்து ரயிலேறி, தாராவியில் பிறர் கடையில் தோல் மடித்து, இன்று சொந்தமாகப் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்ணூறு அடி ரோட்டில் தங்கபாண்டி அண்ணாச்சி பட்டறை எது என்று கேட்டால் தெரியாதவன் கிடையாது. ஆனாலும் நான் எழுத வந்தது என் மகள் தங்கமயிலைப் பற்றி.

அவள் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அங்கே மாணவர்களை மலை, காடு, அருவி என்று கூட்டிப்போக ஒரு பிரிவு இருக்கிறது. சேர்ந்த வருஷமே அதில் பெயர் கொடுத்தாள். முதல் மலையில் ஏறி இறங்கி, முழங்கால் சிராய்த்து வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து என் மனைவி ஆறுமுகத்தாய், "லோக்கல் ட்ரெயின்ல ஏறுதது பத்தாதுன்னு மலையில வேற ஏறணுமாட்டி?" என்றாள். தங்கமயில் மருந்து போட்டுக்கொண்டே, அடுத்த வாரம் எங்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கொண்டு பிறந்தவள் அல்லவா, நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். முதலுதவிப் பயிற்சிக்குப் போனாள். கயிறு கட்டப் படித்தாள். அந்தப் பிரிவின் அறையில் மூலையில் கிடந்த கயிறு, தலைக்கவசம், டார்ச் எல்லாவற்றையும் தட்டித் துடைத்து, எந்த மாணவனும் கேட்டு வாங்கிப் போகலாம் என்று ஆக்கினாள். பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தை ரத்து செய்வாள். அதற்காகத் திட்டும் வாங்குவாள். அவர்கள் முதுகில் போகிற பைகள் என் பட்டறைச் சரக்கு. மேகமூட்டத்திலும் கண்ணில் படும்படி ஆரஞ்சுத் துணி, தோள்பட்டையில் ஒரு விசில். யோசனை அவளுடையது, தையல் என்னுடையது. அந்தத் தையல் பிரிந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"பேக்குதான் தைச்சாரு. மலையவே இவருதான் தைச்சு நிறுத்துன மாதிரி பேசுவாரு" என்பாள் ஆறுமுகத்தாய். சொல்லட்டும்.

போன வருஷம் வேறெங்கோ அருவியில் சில பிள்ளைகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன செய்தி வந்ததும், பெற்றோர் எல்லாரும் பயந்துவிட்டார்கள். பிரிவை மூடிவிடலாம் என்று பல்கலைக்கழகத்தில் பேச்சு. பொறுப்பாளர் ஸ்ரீலேகா மேடம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தங்கமயில் தலைமையில் ஒரே ஒரு மழைக்காலப் பயணம். விருப்பப்படும் பெற்றோரும் கூட வரலாம். அது ஒழுங்காக முடிந்தால் பிரிவு நடக்கும், இல்லாவிட்டால் பூட்டுதான்.

நான் போகாமல் இருப்பேனா? கர்ஜத் பக்கம் மலைமேல் ஒரு கோட்டை. மேடத்துக்கு முட்டிவலி, அடிவாரக் கிராமத்தில் பஸ்ஸிலேயே இருந்துகொண்டார். நாங்கள் ஏறினோம். என் வயதுக்காரர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கினார்கள். நான் உச்சி வரைக்கும் போனேன்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே மூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. முன்னால் நகுல் போனான். செம்பூர்ப் பையன், தங்கமயிலுக்கு அடுத்த பொறுப்பு அவனுக்கு. கடைசி ஆளாகத் தங்கமயில் வந்தாள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நகுல் நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்ததும் கீழே ஒரு கோயில் கொட்டகைக்கு அனுப்பினான்.

கொட்டகையில் எல்லாரும் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது தங்கமயில் வந்து சேர்ந்தாள். ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆதித்யன எங்க?"

ஆதித்யன் மாட்டுங்காப் பையன். பாலக்காட்டுக் குடும்பம், ஒரே பிள்ளை.

"அவன் வந்துட்டான்பா" என்றான் நகுல். "மேல கூப்டேன், பதில் குடுத்தான். வந்துட்டேன்னு."

"எதுல சொன்னான்? இங்கிலீஷ்லயா, ஹிந்தியிலயா?"

"தமிழ்ல. 'வந்துட்டேன்'னுதான் சொன்னான்."

தங்கமயில் முகம் மாறிவிட்டது. "தமிழ்ல சொன்னானா? அப்போ அவன் வரல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நகுல் வீட்டில் ஹிந்தியும் இங்கிலீஷும்தான். தமிழ் அவனுக்கு அர்த்தம் பார்த்துப் பேசுகிற மொழி. வந்துட்டேன் என்றால் வந்துவிட்டான் என்று எண்ணிவிட்டான். நம் ஆட்கள் வந்துட்டேன் என்றால் இனிமேல்தான் செருப்பைத் தேடுவார்கள்.

நான் கைலியை மடித்துக் கட்டுகிறவன் போல பேண்டை மடித்துவிட்டு எழுந்தேன். "நான் போயி கூட்டியாரேன். இது என்ன பெரிய மலை."

"யப்பா, உக்காருங்க."

"இல்லட்டி, நான்..."

"ஒருத்தரத் தேடப் போயி ரெண்டு பேரத் தேட முடியாது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கோர்ட்டில் வக்கீல் சொல்லியே உட்காராதவன் நான்.

யாரும் கொட்டகையை விட்டு நகரக் கூடாது என்றாள். கயிற்றையும் முதலுதவிப் பையையும் எடுத்துக்கொண்டு நகுலோடு மேலே போனாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. விசிலை ஊதுவாள், நிறுத்திக் காது கொடுப்பாள், மறுபடி ஊதுவாள். மழையில் எங்களுக்கு அது மட்டும்தான் கேட்டது. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரென்றுகூடத் தெரியாது.

அப்புறம் தூரத்தில் இன்னொரு விசில் பதில் சொன்னது. நான் தைத்த பையின் விசில்.

அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். ஷூவின் அடி பிய்ந்து, பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நாடாவால் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மூட்டத்தில் தங்கமயில் அவனைத் தாண்டிப் போனது இருவருக்குமே தெரியவில்லை. நகுல் கூப்பிட்டதற்குப் பதில் கொடுத்துவிட்டு, பிறகு இறங்கி, தப்பான பாதையில் போய்விட்டான். ஓடையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, பயிற்சியில் தங்கமயில் சொன்னபடி அங்கேயே நின்றுவிட்டான்.

"நகர்ந்திருந்தேன்னா தண்ணிலே போயிருப்பேன் அங்கிள்" என்றான் என்னிடம். "நின்னுண்டே இருன்னு அவதான் சொல்லிண்டே இருப்பா."

பஸ்ஸுக்கு நடக்கும்போது நகுல் அவள் பக்கத்தில் வந்தான். "மேடம்கிட்ட இத சொல்லணுமா? எல்லாரும் சேஃப்தானே. சொன்னா மூடிருவாங்க."

அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தாள். உள்ளுக்குள், சொல்லாதே தாயி என்றுதான் எனக்கு இருந்தது.

மேடம் பஸ் படியில் நின்று கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

"இப்ப வந்தாச்சு மேடம்" என்றாள் என் மகள். "நடுவுல ஒருத்தர் வரல. வந்ததா நாங்க எண்ணிட்டோம். அவரத் தாண்டி நான் இறங்கினதும் தப்பு."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். மேடம் ஆதித்யனைப் பார்த்தார், அவன் ஷூவைப் பார்த்தார். "அடுத்த தடவை என்ன மாத்தப் போற?"

"குரலை எண்ண மாட்டோம். கையத் தொட்டாத்தான் கணக்கு. அப்புறம் மலையில யாரும் 'வந்துட்டேன்'னு சொல்லக் கூடாது. மராட்டிக்காரங்க 'ஆலோ'ங்கறதும் அதேதான். எங்க நிக்கோமோ அதச் சொல்லணும்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்காத்துக்காரரும் தாதர்ல இருந்துண்டு வந்துட்டேன்னுதான் சொல்வார்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ மறைச்சிருந்தா மூடியிருப்பேன்."

பிரிவு இப்போது வருஷம் பூராவும் நடக்கிறது. தலைமை தங்கமயில்தான். மாணவர்களுக்குத் தருகிற பாதுகாப்புக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே அந்த விதி இருக்கிறது, தமிழ், மராட்டி, ஹிந்தி, இங்கிலீஷ் நாலிலும். இந்தச் சொல்லின் ஆபத்தை எங்கே கற்றாய் என்று மேடம் கேட்டதற்கு, "எங்கப்பா போன்ல பேசுறதக் கேட்டுத்தான்" என்றாளாம். பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு உயிரைக் காப்பாற்றியதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாக்கிநாகா கடைக்காரர் போன் செய்தார். சரக்கோடு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். "இந்தா, வந்து..." என்று ஆரம்பித்தேன். எதிரே தங்கமயில் தலை சீவிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"வீட்டுலதான் உக்காந்திருக்கேன். இன்னும் குளிக்கல" என்றேன்.

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சொகமில்லையா?"