அண்ணைக்காக ஓடிய ஞாயிறு

எங்கள் வீட்டில் ஓடுகிறவன் என் கணவன்தான். எனக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடினாலே விலாவில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவன் கூடவே போனேன், சைக்கிளில். முன்கூடையில் தண்ணீர் பாட்டில்கள், வாழைப்பழம், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, பிளாஸ்டர், தைலம், எங்கள் இருவரின் கைப்பேசிகள். ஜெர்மனியின் எர்லாங்கனில் எங்கள் வீட்டு வாசலில் கிளம்பி, மேற்கே மீன் வளர்க்கும் குளங்களின் கரையோடு கிராமம் கிராமமாகப் போய், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரின் ரயில் நிலையத்தில் முடிப்பதாகத் திட்டம். அங்கிருந்து ரயிலில் திரும்பிவிடலாம்.

ஓட்டம் அண்ணைக்காக. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர்; நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே ஜெர்மனிக்கு வந்தவர்; பேக்கரியில் வேலை. நாங்கள் திருச்சிக்காரர்கள். என் கணவன் கால்வாய்க் கரையில் ஓடிப் பழகிய முதல் மாதத்தில், கல்லூரி விழாவுக்கு அடித்த தமிழ் எழுத்துப் போட்ட பனியனோடு மூச்சு வாங்க நின்றபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டிருக்கிறது. “தம்பி எந்த ஊர்?” அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் இருவரும் சேர்ந்து ஓடினார்கள். அண்ணைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அப்படியும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே ஓடுவாராம். இவனுக்கு ‘ம்’ கொட்டக்கூட மூச்சு இருக்காதாம். நாங்களும் அவரை அண்ணா என்று கூப்பிடுவதை விட்டு அண்ணை என்றே கூப்பிடப் பழகிவிட்டோம்.

பிறகு ஒரு வசந்த காலத்தில் அண்ணையின் வலது கால் அடிக்கடி தடுக்க ஆரம்பித்தது. சமதரையில் இரண்டு முறை விழுந்தார். காலணி மாற்றினார், சதைப்பிடிப்பு என்று நினைத்தார். கடைசியில் மருத்துவமனையில் அது நரம்பு நோய் என்றார்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், மருந்து கிடையாது, கடைசியில் மூச்சு விடும் தசைக்கும் வரும் என்றார்கள். ஒன்றரை வருடத்தில் அண்ணை சக்கர நாற்காலிக்கு வந்தார். கை விரல்கள் மடங்கின. பேச்சு குழறியது. அக்கா, அதாவது அவர் மனைவி, பள்ளிக்கூடச் சமையலறை வேலையை விட்டுவிட்டு அவரோடேயே இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது என் கணவனுக்குப் புரியாத மொழி. அவன் எஞ்சினியர். எது நின்றாலும் பிரித்துப் பார்த்து ஓட வைக்க வேண்டும் அவனுக்கு. அண்ணையின் வீட்டுக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். அப்படி ஒரு நாள்தான், இந்த நோயாளிகளுக்கு உதவும் சங்கத்துக்கு நன்கொடை திரட்டி ஒரு நெடுந்தூரம் ஓடப்போகிறேன் என்றான். அலுவலகத்திலும் தமிழ் நண்பர்களிடமும் சொல்லி, இணையத்தில் அதற்கொரு பக்கமும் திறந்துவிட்டான். அண்ணையிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். சிரிப்பையும் அவரால் சட்டென்று நிறுத்த முடியாது, அதுவும் அந்த நோயின் வேலை.

“ஓடும்,” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “ஒவ்வொரு ஊரிலயும் நிண்டு, என்ன கண்டனீர் எண்டு எனக்குச் சொல்லோணும்.”

அதனால் அன்று காலையிலிருந்து அவன் ஒவ்வொரு கிராமத்திலும் நின்று, என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கி, குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். முதல் ஊரில் தேவாலயக் கோபுரத்தின் மேல் கூடு கட்டியிருந்த நாரைகளைப் பற்றி. அடுத்த ஊரில், வேலிக்கு மேலே தலையை நீட்டி அவனைப் பார்த்துக் கனைத்த கழுதையைப் பற்றி. குளங்களில் மீன் துள்ளும் சத்தத்தையே ஒரு முறை பதிந்து அனுப்பினான். அண்ணையிடமிருந்து பதில் வந்தது. அக்காதான் கைப்பேசியைப் பிடித்திருப்பார். “கழுதைக்கு… என்ர வணக்கம்… சொல்லும்.” அவன் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, சிரித்தபடியே ஓடினான். நன்றாக ஓடினான். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, இப்படி ஒரு நாள் கிடைத்ததே என்று நானும் நினைத்தேன்.

மதிய மணி அடித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. அவன் முன்னால் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். நான் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா.

“தங்கச்சி, இவருக்கு மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு. முகமெல்லாம் நீலமாப் போச்சுது. அம்புலன்ஸ் வந்திட்டுது. நான் அவரோட போறன்.”

“அக்கா, நாங்க இப்பவே கிளம்பி…”

“வேண்டாம். தம்பிக்கு இப்ப சொல்லாதேங்கோ. அவர் ஓடி முடிக்கட்டும். இவர் விடியவெள்ளன துவங்கி அந்த மெசேஜைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவர்.” யாரோ ஜெர்மனில் அவரை அவசரப்படுத்துவது கேட்டது. தொடர்பு நின்றுவிட்டது.

மேட்டின் உச்சியில் நின்று அவன் திரும்பிப் பார்த்தான். “என்னடீ, சைக்கிள்ல வர்ற நீயே இப்படி மூச்சு வாங்குற?” என்று கத்தினான். நான் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இறக்கத்தில் அவன் பின்னாலேயே போனேன். சொல்லிவிடலாம் என்று நாலு முறை வாயெடுத்தேன். சொன்னால் நின்றுவிடுவான். நின்றால் அண்ணைக்கு மூச்சு வந்துவிடுமா? சொல்லாவிட்டால் ஓடுவான். ஓடினால் மட்டும் வந்துவிடுமா? அக்கா கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்று இதுதான். அதை மீறுவதா? அவன் முதுகில் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. இடது காலைச் சற்று வெட்டி வைக்க ஆரம்பித்திருந்தான். நான் கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு மிதித்தேன்.

அடுத்த கிராமத்தில் ஒரு எலுமிச்சை நிறப் பெஞ்சில் உட்கார்ந்தான். உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே கேட்டான். “போன மெசேஜுக்கு அண்ணை ஒண்ணும் சொல்லலையே. பாத்தியா?”

“தூங்குறாராம்,” என்றேன். பொய் அவ்வளவு எளிதாக வந்தது.

“நல்லது, தூங்கட்டும். எழுந்து கேக்கட்டும்.” கைப்பேசியை வாய்க்கு அருகில் வைத்துப் பேச ஆரம்பித்தான். “அண்ணை, இந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல. எல்லாரும் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிட்டாங்க போல. ஒரே ஒரு பூனை மட்டும் ரோட்டு நடுவுல படுத்திருக்கு. எனக்கு முட்டி கொஞ்சம் பேசுது. ஆனா நிக்க மாட்டேன். நீங்க பக்கத்துல ஓடுற மாதிரியே இருக்கு அண்ணை, அதனாலதான் நிறையப் பேசுறேன்…”

அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கையை நீட்டி அவனிடமிருந்து கைப்பேசியை வாங்கினேன். “அண்ணைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்கடா. மூச்சு முட்டிருச்சு. அக்கா போன் பண்ணாங்க.”

“எப்போ?”

“மத்தியானம்.”

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தான், ஏதோ ஒரு பக்கத்தில் கதவு இருக்கிறது போல. அக்காவைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் போய்ப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. வாடகைக் காருக்குப் போன் செய்தேன். இன்று திருவிழாவுக்கே வண்டிகள் எல்லாம் போய்விட்டன, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் முடியாது என்றாள் ஒரு பெண்.

ஒரு வீட்டின் பின்புறத்தில் ஆள் அரவம் கேட்டுப் போய் மணியடித்தோம். பெரியவர் ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் காரையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். “நான் மூன்று பீர் குடித்துவிட்டேனே,” என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பக்கத்து வீடு இரண்டின் கதவைத் தட்டிப் பார்த்தார், போன் செய்தார். யாருமில்லை. கடைசியில் எங்கள் பாட்டில்களை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து தந்தார். அவரால் முடிந்தது அதுதான்.

“ஸ்டேஷன் முன்னாடிதானே இருக்கு,” என்றான் என் கணவன். ஆமாம். எங்களுக்கு மிக அருகில் இருந்த ரயில் நிலையம், அவன் ஓடி முடிக்க வேண்டிய அதே ஊரில்தான். இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்.

“நீ சைக்கிள்ல போ. போய் ரயில் ஏறு. அக்கா தனியா இருக்காங்க.”

“உன்னை இப்படி விட்டுட்டா?”

“போடீ!”

போனேன். நூறு அடி போயிருப்பேன். திரும்பிப் பார்த்தபோது அவன் ஓடவில்லை, ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தான். நான் முன்னால் போனால் அக்காவுக்கு ஒரு துணை. பின்னால் நின்றால் இவனுக்கு ஒரு துணை. எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்தில் இல்லாமல் போவேன். சைக்கிளை நிறுத்திக்கொண்டு அவன் வரும்வரை அழுதேன். அவன் வந்ததும் என் இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டான். நான் மெல்ல மிதித்தேன். சில இடங்களில் ஓடினான், சில இடங்களில் நடந்தான். சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டு நான் ஓடலாமென்று பார்த்தேன். இறங்கி இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. மறுபடி மாறிக்கொண்டோம்.

வழியில் திருவிழா நடந்த ஊரைக் கடக்க வேண்டியிருந்தது. வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. அவன் சட்டையில் சங்கத்தின் பெயரைப் பார்த்ததும் மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒரு அம்மாள் ஓடிவந்து அவன் கழுத்தில் ஒரு பூச்சரத்தை மாட்டினார். அவன் நன்றி சொன்னான். கார் வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று நான் கேட்டேன். வாத்தியச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை, விழுந்தவர்களும் தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குவளையை நீட்டினார்கள். மேசைக்கு மேசை பீர்க் குவளைகள், அவனும் கூட்டத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தான்; நான் பின்னால் மிதித்தேன். ஊரைத் தாண்டியதும் அவன் பூச்சரத்தைக் கழற்றி என் கூடையில் வைத்தான்.

ரயில் நிலையத்தை அடைந்தபோது ஒரு ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். நடைமேடையில் அவன் காலை நீட்டி உட்கார்ந்தான். அவன் கைப்பேசி விடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. “சூப்பர் மச்சி!”, “செம டா!”, கைதட்டும் படங்கள். நன்கொடை போட்டவர்கள் எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அவன் ஒன்றையும் திறக்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

எர்லாங்கன் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் அவன் காலைத்தான் பார்த்தார். “ஏன் நொண்டுறியள்?” என்றார். அப்புறம்தான் அழுதார்.

சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். செவிலியர் கேட்டபோது அக்கா யோசிக்காமல் ஜெர்மனில், “என் தம்பி,” என்றார். அவனுக்கு ஒரு நீல அங்கியை மாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

அந்த இடைவெளியில் ஒரு இளம் மருத்துவர் வந்து அக்காவிடம் பேசினார். மிகவும் பொறுமையாகப் பேசினார். இப்போதைக்கு முகமூடி மூலம் காற்று கொடுக்கிறோம். அது போதாமல் போனால் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும். வைத்தால் பிறகு எப்போதும் அதோடுதான். அவர் தெளிவாக இருக்கும்போது அவரோடும் பேச வேண்டும், நீங்களும் யோசியுங்கள் என்றார். மருத்துவர் நகர்ந்ததும், அக்காவுக்குச் சில சொற்கள் விளங்கியிருக்காது என்று நினைத்து நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எல்லாம் விளங்கினது தங்கச்சி. விளங்காமல் இருந்தால் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.”

 ஆராய்ச்சிக்கூடத்தில் செல்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள் நான். அந்த நோயைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருந்தேன். அக்கா பிடித்த கையை விடுவிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கணவன் வெளியே வந்தான். அங்கியைக் கழற்றத் தெரியாமல் கழுத்துக் கட்டோடு போராடினான். நான் போய் அவிழ்த்துவிட்டேன்.

“பேசினாரா?”

“முகம் முழுக்க மாஸ்க். கண்ணு திறந்திருந்துச்சு. கையைப் பிடிச்சேன்.” அவிழ்ந்த அங்கியைச் சுருட்டினான். “அவர் பிடிக்கல. பிடிக்க முடியலையா, என்னைத் தெரியலையான்னு எனக்குத் தெரியல.”

அக்கா அவனை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.  யாருக்கும் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

அண்ணை அந்த முறை பிழைத்தார். சில வாரங்கள் கழித்து மூச்சுக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். குழாய் வேண்டாம் என்று கண்ணைச் சிமிட்டிச் சொன்னாராம். மருத்துவர் மூன்று முறை கேட்டும் அதையே சொன்னாராம். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் குரல் செய்திகளை அக்கா அவருக்குப் போட்டுக் காட்டுவார். கடைசியாகப் பதிந்தது, நான் பாதியில் வாங்கியது, அதுவும் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. அதில் பூனை, முட்டி, பக்கத்தில் ஓடுவது என்று அவன் குரல். பிறகு என் குரல், “ஆஸ்பத்திரிக்கு” என்பதோடு நின்றுவிடும். அதை அழித்துவிடச் சொல்லி நான் கெஞ்சினேன். அண்ணை விடவில்லை என்றார் அக்கா.

அண்ணை குளிர்காலத்தைக் கடந்தார். மார்ச்சில், தூக்கத்தில் போய்விட்டார். நன்கொடைப் பணம் சங்கத்துக்குப் போயிற்று. நல்ல காரியங்களுக்குத்தான் போயிருக்கும். சங்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து அடுத்த வருடமும் ஓடுவீர்களா என்று கேட்டார். என் கணவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை.

அக்கா இப்போது ஹனோவரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். வாரத்தில் இரண்டு தடவையாவது கூப்பிடுவார். பேச்சு பெரும்பாலும் அங்கே கிடைக்கும் முருங்கைக்காயின் விலை, தங்கை மகளின் படிப்பு என்று போகும். பிறகு அவனிடம் கொடுக்கச் சொல்வார். அவன் கைப்பேசியோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பல நிமிடங்கள் அவன் உதடு அசைவதே இல்லை. அந்தப் பக்கம் அக்காவும் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியாது.