பொட்டு வைத்த போல்ட்

அன்று அந்த அச்சகத்தில் கட்டிங் மெஷினைச் சுற்றி நின்றவர்கள் நாலே பேர். அச்சக முதலாளியான அண்ணாச்சி. இருபது வருஷமாக அந்த மெஷினில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன். வெட்டிய லேபிள்களை எண்ணிக் கட்டுப் போடுகிற அக்கா. பிறகு, ரெண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருந்த நான். அச்சு மெஷின் ஓட்டுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார், அவரைச் சேர்க்கக் கூடாது. பின்னாளில் திருத்தங்கல் டீக்கடைகளில் "நானும் அங்கனதான் நின்னேன்" என்று இந்தக் கதையைச் சொன்னவர்களைக் கூட்டினால் ஒரு பஸ் நிறையும். அதனால்தான் முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறேன். எதையும் ரெண்டு தடவை எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டது. பூச்சட்டி, சரவெடி என்று பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிளுக்குக் கடைசி ஆர்டர்கள் வந்து குவிகிற நேரம். அந்த நேரத்தில் ஒரு மெஷின் நின்றால் ஊரே நின்ற மாதிரி பேசுவார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்து, சரியாக எழுதியதையும் அடித்துவிட்டு வருவேன். லேத்துக்கு வந்த பிறகும் பயம் போகவில்லை. ஆனால் இரும்பை எத்தனை தடவை அளந்தாலும் யாரும் திட்டமாட்டார்கள் என்பது பெரிய நிம்மதியாக இருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் உளியால் ஒரு பொட்டு குத்திவிடுவேன். எங்கேயாவது ஏதாவது உடைந்தால் அது என்னுடையதா இல்லையா என்று தெரிய வேண்டும், அதற்காக. இதைக் கேட்ட என் மனைவி, "பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு குத்தி வச்சிருங்க, காணாமப் போனா அடையாளம் சொல்லலாம்" என்றாள்.

கட்டிங் மெஷினில் நாலடி நீளத்துக்கு ஒரு கத்தி உண்டு. அடுக்கி வைத்த தாளை ஒரே அமுக்கில் வெட்டும். அந்தக் கத்தியை ஒரு வார்ப்பிரும்புச் சட்டத்தில் ஆறு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சீசனில் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கத்தி மழுங்கும். கழற்றிச் சாணைக்குக் கொடுத்துவிட்டு வேறு கத்தி மாட்ட வேண்டும். அன்று காலை மாற்றுக் கத்தியை மாட்டும்போது வலது ஓரத்து முதல் போல்ட் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. ஓட்டைக்குள் இருந்த மரை உருவிக்கொண்டு விட்டது. மரை என்றால் போல்ட் ஏறி உட்காருகிற அந்தச் சுருள் வரி. அது போனால் போல்ட்டுக்குப் பிடிமானம் இல்லை. ஒரு போல்ட் பிடிக்காத கத்திக்குக் கீழே யாரும் கை வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது.

நான் போனபோது அண்ணாச்சி மெஷினுக்கு அடியில் குனிந்து முழ நீளப் பைப் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளா தம்பி. ஸ்பேனர் பிடில இதைச் சொருகி நீளமாக்கி, அளவுக்கு மேல முடுக்கியிருக்காக. மரை என்னத்துக்கு ஆகும்?"

வெட்டுகிற அண்ணன் கையில் ஒரு பழைய துணியை வைத்துக்கொண்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புதுச் சட்டம் வேணும்னா வடக்க இருந்து வரணும். பதினஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள தீபாவளியே வந்துரும்" என்றார் அண்ணாச்சி.

"சட்டம் வேணாம் அண்ணாச்சி. மரையைச் சரி பண்ணிரலாம்" என்றேன்.

"பண்ணுங்க. பண்ற செலவும் மெஷின் நின்ன நட்டமும் யாரு தலையில? இந்த வருசம் இவருக்குப் போனஸ் கிடையாது. அது முடிஞ்ச பேச்சு."

லேபிள் எண்ணுகிற அக்கா கையை நிறுத்தாமலே பேசினார். "அப்ப மருமகனுக்கு இந்த லேபிளைத்தான் தச்சுக் குடுக்கணும். பூச்சட்டிப் படம் போட்ட சட்டை. நல்லாத்தான் இருக்கும்."

அண்ணனின் மகளுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வருகிறது தலைதீபாவளி. மருமகனுக்கு வேட்டி சட்டை, மகளுக்குச் சேலை, ஒரு மோதிரம், எல்லாம் அந்தப் போனஸை நம்பித்தான் என்று தெருவுக்கே தெரியும். அண்ணன் துடைப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

நான் பேட்டரி லைட்டை வாங்கி ஓட்டைகளைப் பார்த்தேன். முதலில் நன்றாக இருந்த ஐந்தையும் பார்த்தேன். கெட்டதைப் பார்ப்பதற்கு முன் நல்லது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம், பயத்தைத் தள்ளிப்போடுகிற பழக்கமும்தான். அந்த ஐந்திலும் தேய்மானம் இருந்தது. இருபது வருஷமாக ஆயிரம் தடவை கழற்றி முடுக்கியதில் வரிகளின் முனை கொஞ்சம் மழுங்கி, நாலு பக்கமும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தது. அது உழைத்துத் தேய்ந்த தேய்மானம். இன்னும் பத்து வருஷம் தாங்கும். கெட்டுப்போன அந்த ஓட்டை அப்படி இல்லை. உள்ளே சொரசொரவென்று பிய்ந்திருந்தது. வாய்ப்பக்கத்து மூன்று வரிகள் நசுங்கிப் படுத்திருந்தன. தேய்ந்தால் இப்படி ஆகாது. எதுவோ கடித்த மாதிரி இருந்தது.

கழற்றி வைத்திருந்த போல்ட்டைக் கையில் எடுத்தேன். அதன் வரிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் வார்ப்பிரும்புத் தூள் அடைத்திருந்தது. திருப்பினேன். தலையில் ஒரு பொட்டு.

நான் குத்திய பொட்டு.

பக்கத்து ஓட்டையின் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் பார்ப்பது போல ஜன்னலுக்குப் போனேன். ரெண்டையும் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தேன். ஒரே மரையாக இருந்தால் ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும், நடுவே வெளிச்சம் தெரியாது. இங்கே முதல் ரெண்டு பல் உட்கார்ந்தது, அதற்குப் பிறகு பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நின்றன. சந்து சந்தாக வெளிச்சம் வந்தது. மெஷின் பழைய இஞ்சுக் கணக்கு, போல்ட் அரை இஞ்சு. என் பொட்டு வைத்த போல்ட்டோ பன்னிரண்டு மில்லி. கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். பன்னிரண்டு மில்லி அரை இஞ்சு ஓட்டைக்குள் லொடலொடவென்று மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகிக்கொள்ளும். நன்றாக முடுக்கியாயிற்று என்று கை நம்பிவிடும்.

அந்த போல்ட்டை நான் கொடுத்தது ஆடி மாதம். ஒரு போல்ட் தொலைந்துவிட்டது என்று அண்ணன் என் பட்டறைக்கு வந்திருந்தார். அரை இஞ்சு என்று சரியாகத்தான் கேட்டார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீளத்துக்கு வெட்டி, ஒரு நட்டில் போட்டும் பார்த்தேன். வழவழவென்று ஏறியது. எனக்கு அப்போது எவ்வளவு திருப்தி. நட்டும் அதே டப்பாவில் இருந்த பன்னிரண்டு மில்லி நட்டு என்பதை மட்டும் பார்க்கவில்லை. தப்பைத் தப்பாலேயே சரி பார்த்துவிட்டு, பொட்டும் குத்திக் கொடுத்தேன்.

அந்த போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சியிடம், "பட்டறைக்குப் போயி ஒரு புஷ் கடைஞ்சுட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

புஷ் என்றால் ஒரு சின்ன எஃகுக் குழாய்தான். வெளிப்பக்கம் முக்கால் இஞ்சு மரை, உள்பக்கம் அரை இஞ்சு மரை. பிய்ந்த ஓட்டையைப் பெரிதாக்கி இதைத் திருகி உட்கார வைத்துவிட்டால், பழைய போல்ட்டுக்குப் புது மரை கிடைத்துவிடும். வார்ப்பிரும்பைவிட எஃகு பலம். சொல்லப்போனால் அந்த ஓட்டை மற்ற ஐந்தையும்விட நன்றாக நிற்கும். கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இருட்டுப் பட்டறையில் உட்கார்ந்து, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால் போதாதா, கூலி வாங்காமல் இருந்தால் சரியாகிவிடாதா என்று ஒரு கணக்கு. சொன்னால் இனி சீசனில் யார் என்னிடம் வேலை கொடுப்பார்கள் என்று இன்னொரு கணக்கு. ரெண்டு கணக்கிலும் தலைதீபாவளி வரவே இல்லை. கரண்ட் வந்தபோது வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்குத் திரும்பிப் போனேன். சட்டத்தைக் கழற்ற முடியாது, மெஷினில் வைத்தே துளைக்க வேண்டும். கைத் துளைப்பான் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போல்ட் கோணலாக உட்காரும். அதனால் பக்கத்து ஓட்டையில் ஒரு பட்டையை முடுக்கி, அதன் வழியாகத் துளைப்பான் நேரே போகும்படி வழி செய்திருந்தேன். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, கரித்தூள் மாதிரி உதிரும். துளைத்து முடித்ததும் மரை போடும் டேப்பை ஓட்டைக்குள் விட்டேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, தூளைத் தட்டிவிட்டு மறுபடியும் அரைச் சுற்று. அக்கா வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, போறதுக்கும் வாறதுக்கும் மனசு ரெண்டா இருக்கு ஒங்க கம்பிக்கு?"

"அப்படிப் போனாத்தான்க்கா மரை உடையாது."

புஷ்ஷைத் திருகி இறக்கினேன். சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடாமல் ஓரத்தில் ஒரு சின்ன ஆணி வைத்து அடைத்தேன். அரத்தால் முகத்தைச் சமமாக்கி விரலால் தடவினேன். எங்கே சட்டம் முடிகிறது, எங்கே புஷ் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாக இருந்தேன்.

மணி நாலரை இருக்கும். அதே நாலு பேர்தான். கத்தியைத் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டோம். அண்ணன் நான் கொண்டுவந்த சரியான அரை இஞ்சு போல்ட்டைப் போட்டு விரலாலேயே கடைசி வரை ஏற்றினார். பிறகு ஸ்பேனரை மாட்டினார். பழக்க தோஷத்தில் இடது கை பைப்பைத் தேடி மேஜைக்கு அடியில் போனது. பாதியில் நின்றது. ஸ்பேனர் அதற்குள் முழுவதும் இறுகியிருந்தது.

அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டுத் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா இந்த ஒரு போல்ட்டு மட்டும் கைக்கு அடங்க மாட்டேங்குது. எனக்கு வயசாயிருச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். "வீட்டுலகூடச் சொல்லல. சொன்னா வேலைக்குப் போக வேணாம்பாக. அதான் பைப்பு."

நான் பையிலிருந்த போல்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் சரியான போல்ட் ஒன்றையும் வைத்தேன்.

"இது நான் குடுத்த போல்ட்டு அண்ணாச்சி. தலையில பொட்டு இருக்கு பாருங்க. அளவு மாறிப் போச்சு. இது உள்ள போயித்தான் மரையைக் கடிச்சிருக்கு. இவரு பைப்பு போட்டதும் இதனாலதான்."

அண்ணாச்சி ரெண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுது" என்றார். பிறகு, "காலைல இருந்து பையிலயா வச்சிருந்தீக?"

"ஆமா அண்ணாச்சி."

"அதான பாத்தேன்" என்றார் அக்கா. "மனுசன் வந்ததுல இருந்து நெஞ்சைப் புடிச்சுக்கிட்டே திரியுறாரேன்னு. நெஞ்சு வலியாக்கும்னு பயந்துட்டேன்."

அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டுத் தைலம் தேச்சேன்யா இந்தக் கைக்கு" என்றார். "அந்தக் காசை நீதான் குடுக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

அண்ணாச்சி பைப்பை எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்தார். "இறுகலைன்னா எங்கிட்ட வந்து சொல்லணும். அதை விட்டுட்டு..." என்று அண்ணனிடம் தொடங்கியவர் முடிக்கவில்லை. "போனஸை மத்தவுகளோட சேத்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூலி எம்புட்டு?"

"ஒண்ணும் வேணாம் அண்ணாச்சி. தப்பு என்னுது."

"சும்மா செஞ்ச வேலையை நான் எப்படி நம்புறது? வேறே ஆளு செஞ்சா எம்புட்டு?"

"நானூறு வரும்."

இருநூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தார். "மிச்சம் எங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தீபாவளி வரைக்கும் ஒங்க புஷ் நிக்குதான்னு பாப்போம்."

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் மகளும் மருமகனும் பைக்கில் என் பட்டறையைத் தாண்டிப் போனார்கள். புது மாப்பிள்ளை நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பூச்சட்டிப் படம் எதுவும் இல்லை. பைக் திருப்பம் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த தீபாவளி வந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அண்ணன் கத்தியை நிறுத்தி இடம் விட்டார். முதல் போல்ட்டைக் கழற்றிப் பேட்டரி லைட் அடித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட நசுங்கவில்லை. லேசாகப் பளபளப்பு மட்டும் ஏறியிருந்தது, மற்ற ஐந்தைப் போலவே. அண்ணாச்சி கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்தார். "இன்னும் ஒரு சீசன் பாத்துருவோம் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அந்தக் காசை வாங்கிட்டா, மெஷினைத் தொட்டுப் பாக்க இவரை யாரு உள்ள விடுவா?" என்றார். உண்மைதான். கணக்கு முடிந்துவிட்டால், அடுத்தவர் அச்சகத்துக்குள் நுழைந்து போல்ட்டைக் கழற்றிப் பார்க்க எனக்கு என்ன பாத்தியதை? ஒவ்வொரு சீசனிலும் அந்தப் புஷ்ஷை ஒரு தடவை விரலால் தடவிவிட்டால், அதற்குப் பிறகு பட்டறைப் பூட்டைக்கூட ஒரே தடவைதான் இழுத்துப் பார்க்கிறேன்.

அண்ணாச்சியின் நோட்டில் என் வரி இன்னும் அடிக்கப்படாமல் நிற்கிறது. பாக்கி நூற்றைம்பது ரூபாய்.